அனுமதி மறுப்பு 13: பகிர்வுக் கோப்புறை லினக்ஸ் கணினியை ஏன் உள்ளே விடுவதில்லை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகள் தொண்டியிலிருந்து கீழக்கரை வரை நம் கடற்கரை நெடுகிலும் இருக்கின்றன. இறாலும் கணவாயும் வாங்கும் கம்பெனிகளின் எடை மேசையில், ராமேஸ்வரம் லாட்ஜ்களின் ரிசப்ஷனில், ஜெராக்ஸ் கடைகளில் அவை இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. தூக்கிப் போட மனம் வராத அந்த இயந்திரங்களில் இப்போது லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளான மின்ட்டும் உபுண்டுவும் ஏறிவருகின்றன. லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது.

ஆனால் டேலி ஓட வேண்டுமென்பதால் கணக்கர் மேசைக் கணினி மட்டும் விண்டோஸிலேயே நிற்கும். எடைச் சீட்டு, ஐஸ் கணக்கு, லாரி விவரம் எல்லாம் அந்தக் கணினியின் பகிர்வுக் கோப்புறைக்குள் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும்போது, கரையில் உள்ள கம்பெனிகளும் கணினியை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. வேலை சூடுபிடிக்கும்போதுதான் திரையில் அந்த வரி வந்து நிற்கும்: மவுண்ட் எர்ரர் 13, பெர்மிஷன் டினைட். பகிர்வுக் கோப்புறையை லினக்ஸோடு இணைக்க (மவுண்ட் செய்ய) அனுமதி இல்லை என்று அதற்கு அர்த்தம்.

உடனே எல்லோரும் கை வைப்பது கடவுச்சொல்லில். அதை மாற்றியும் தீரவில்லையென்றால் கோப்புறையை 'எவ்ரிஒன்' என்று எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். இரண்டுமே காரணம் தெரியாமல் செய்பவை. 13 என்பது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் சொல்லும் மிகப் பொதுவான பதில். கடவுச்சொல் தவறு, கணக்கு பூட்டப்பட்டுவிட்டது, ஆளை அடையாளம் தெரிகிறது ஆனால் இந்தக் கோப்புறைக்கு அவருக்கு உரிமையில்லை என்று பல தனித்தனிக் காரணங்களை அது ஒரே எண்ணுக்குள் சுருட்டிவிடுகிறது. சுருட்டியதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

பகிர்வுக் கோப்புறையோடு பேசும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 1983-இல் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் தொடங்கி வைத்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. லினக்ஸ், யூனிக்ஸ் பக்கத்தில் அதே மொழியைப் பேசும் சம்பாவை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிஜல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கினார். ஒரு கணினி இன்னொன்றின் கோப்புறையைத் திறக்கும்போது ஐந்து கட்டங்கள் வரிசையாக நடக்கின்றன. முதலில் 445-ஆம் போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வாசலில், இணைப்பு. அடுத்து எஸ்எம்பியின் எந்தப் பதிப்பில் பேசுவது என்ற உடன்பாடு. மூன்றாவது, நீ யார் என்ற அடையாளச் சோதனை. நான்காவது, இந்தப் பகிர்வுக்குள் உனக்கு இடமுண்டா என்ற கேள்வி. ஐந்தாவது, உள்ளிருக்கும் கோப்பைப் படிக்கவும் எழுதவும் உரிமை. உள்நுழைவுச் சிக்கல் என்று நாம் சொல்வது மூன்றாவதை மட்டும்தான். ஆனால் மற்ற நான்கில் எது உடைந்தாலும் பழி அதன் மேலேயே விழுகிறது.

முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். பிழை எண் 110, 111, 113, 115 என்று வந்தால் கடவுச்சொல்லைப் பற்றிய பேச்சே இன்னும் தொடங்கவில்லை. உப்புக் காற்றில் பச்சை பூத்த கேபிள் முனை, ரௌட்டர், ஃபயர்வால் என்று அங்கே தேடுங்கள். ரௌட்டரை மாற்றியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' வகையில் போட்டுவிடும். அதோடு பகிர்வுக்கான வழியும் அடைபடும். அதை 'பிரைவேட்' ஆக்கினால் போதும்.

பிழை எண் 112, 'ஹோஸ்ட் ஈஸ் டவுன்', ஆளைக் குழப்பும். பிங் செய்தால் அந்தக் கணினி பதில் சொல்லும், ஆனால் மவுண்ட் மட்டும் அது செத்துவிட்டது என்று சாதிக்கும். பெரும்பாலும் இது பதிப்புத் தகராறு. அந்தப் பக்கம் இருப்பது எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்த பழைய நெட்வொர்க் ஹார்ட்டிஸ்க் பெட்டியாக இருக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீம்பொருள் உலகெங்கும் பரவியது அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டில் லினக்ஸ் கெர்னல் 4.13 அந்தப் பதிப்பை இயல்பாகப் பேசுவதை விட்டது. விண்டோஸ் 10-உம் 1709 பதிப்பிலிருந்து அதை இயல்பாக நிறுவுவதில்லை. சம்பா 2019-இல் 4.11-இல் அதை அணைத்து வைத்தது. மவுண்ட் கட்டளையின் வெர்ஸ் என்ற விருப்பத்தில் 1.0 என்று போட்டால் வேலை ஓடும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்கின்றன. ஓடத்தான் செய்யும். பெட்டியில் உள்ளதை ஒருமுறை வெளியே எடுக்க மட்டும் அதைச் செய்யுங்கள். வருடக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். கொள்முதல் கணக்கு முழுவதும் இருக்கும் இடம் அது.

ஜெராக்ஸ் கடைகளில் இதே தகராறு வேறு வடிவில் வரும். பெரிய நகலெடுக்கும் இயந்திரம் ஸ்கேன் செய்ததை லினக்ஸ் கணினியின் கோப்புறைக்கு அனுப்பும்போது 'லாகின் ஃபெயில்டு' என்று காட்டும். பல பழைய இயந்திரங்களுக்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பும் என்டிஎல்எம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையின் பழைய வடிவமும் தவிர வேறெதுவும் தெரியாது, சம்பாவோ 4.5 முதல் அந்தப் பழைய வடிவத்தையும் இயல்பாக ஏற்பதில்லை. இயந்திரத்தில் எஃப்டிபி என்ற வேறு கோப்பனுப்பும் வழியோ பென் டிரைவில் சேமிக்கும் வசதியோ இருந்தால் அதை வைத்துக்கொள்வது நல்லது.

இனி மூன்றாவது கட்டம். இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மண்டபம் பக்கம் ஒரு கொள்முதல் கம்பெனியிலிருந்து வரும் போன் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "அண்ணே, பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். எடுக்க மாட்டேங்குது." கணக்கர் கணினியில் காலையில் எப்படி உள்ளே போகிறீர்கள் என்று கேட்டால், "அதே நாலு நம்பர்தாண்ணே, தெனமும் அதத்தான அடிக்கிறோம்" என்று பதில் வரும். விஷயம் அங்கேயே விளங்கிவிடும். அந்த நாலு எண் விண்டோஸின் பின். அது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும், நெட்வொர்க் வழியாக வருபவரிடம் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் முழு மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லும் தேவை. பின் வைத்த நாளிலிருந்து அந்தக் கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. இதற்கு ஒரு நல்ல வழி, பகிர்வுக்கென்றே விண்டோஸில் தனியாக ஓர் உள்ளூர்ப் பயனரை உருவாக்குவது. முதலாளியின் சொந்தக் கடவுச்சொல்லை எடை மேசைக் கணினியில் எழுதி வைக்கும் அவலமும் அதோடு ஒழியும்.

கடவுச்சொல்லே இல்லாத கணக்கு இதைவிட மோசம். 'நம்ம ஆபீஸ்தானே' என்று கடவுச்சொல் வைக்காமல் விட்ட விண்டோஸ் கணக்கு, நேரில் வருபவரை விடும், நெட்வொர்க்கில் வருபவரை விடாது. விண்டோஸின் இயல்பான கொள்கை அது. 'கெஸ்ட்' ஆக நுழையும் பழைய குறுக்கு வழியையும் 2024-இன் 24எச்2 பதிப்பில் விண்டோஸ் 11 ப்ரோ அடைத்துவிட்டது.

லினக்ஸ் பக்கத்திலும் கண்ணில் படாத பொறிகள் உண்டு. மவுண்ட் கட்டளையில் பயனர் பெயரைக் கொடுக்க மறந்தால், அது சூழல் மாறியில் உள்ள பெயரை, அதாவது கட்டளையை ஓட்டுபவரின் பெயரை, எடுத்துக்கொள்ளும். நிர்வாகி உரிமை தரும் சுடோ போட்டு ஓட்டும்போது அந்தப் பெயர் ரூட், அதாவது லினக்ஸின் தலைமை நிர்வாகி. விண்டோஸில் ரூட் என்று யாரும் இல்லை. கடவுச்சொல்லில் காற்புள்ளி இருந்தால் கட்டளை வரியில் அது அடுத்த விருப்பத்தின் தொடக்கமாகப் படிக்கப்படும், பாதிச் சொல்தான் சர்வருக்கு, அதாவது பகிர்வை வைத்திருக்கும் கணினிக்கு, போகும். இதற்காகவே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பில் எழுதி, ரூட் மட்டும் படிக்கும்படி உரிமையை 600 ஆக்கி, அந்தக் கோப்பை மவுண்டுக்குக் காட்ட வேண்டும். அந்தக் கோப்பிலும் வரியின் கடைசியில் ஒட்டிய ஓர் இடைவெளிகூடக் கடவுச்சொல்லோடு சேர்ந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: டெர்மினலில் கடவுச்சொல் அடிக்கும்போது எழுத்துகள் திரையில் தெரியாது என்பதால், ஆங்கில எழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்து போவது தெரியவே தெரியாது.

கடவுச்சொல் எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று தெரிந்தால் இதெல்லாம் ஏன் இப்படி என்பது புரியும். கடவுச்சொல் கேபிள் வழியாகப் போவதே இல்லை. சர்வர் 8 பைட் நீளத்தில் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். லினக்ஸ் கணினி, கடவுச்சொல்லின் ஹாஷ் (கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாதபடி அதிலிருந்து கணக்கிட்ட எண்), பயனர் பெயர், டொமைன் பெயர், அந்தத் தற்செயல் எண், தன் பக்கத்து எண், நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். சர்வர் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். கணக்கில் சேர்க்கும் முன் பயனர் பெயர் பெரிய எழுத்தாக மாற்றப்படுகிறது. அதனால் அதில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து பேதமில்லை. கடவுச்சொல்லில் உண்டு. இது என்டிஎல்எம்மின் இரண்டாம் வடிவம். 2021-இல் வந்த கெர்னல் 5.15-இல் பழைய வடிவத்தை அடியோடு நீக்கிவிட்டார்கள். ஆகவே மவுண்ட் கட்டளையின் செக் என்ற விருப்பத்தில் வெறும் என்டிஎல்எம் என்று எழுதச் சொல்லும் பழைய குறிப்பைப் பின்பற்றினால் இன்று அதுவே பிழையாகும்.

விடை பொருந்தாதபோது சர்வர் என்ன சொல்கிறது? கடவுச்சொல் தவறானாலும், அப்படியொரு பயனரே இல்லையென்றாலும், வெளியே போகும் பதில் ஒன்றுதான்: லாகான் ஃபெயிலியர். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். காரணத்தைப் பிரித்துச் சொன்னால், ஊகித்துப் பார்க்க வருபவன் எந்தப் பெயர்கள் உண்மையில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வான். எனவே லினக்ஸ் திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் முழு உண்மை அங்கே கிடைக்காது. அது சர்வரின் பதிவேட்டில் இருக்கிறது.

ஆகவே தேடலை இரண்டு படியாகச் செய்யலாம். முதல் படி லினக்ஸிலேயே. மவுண்டை விட்டுவிட்டு எஸ்எம்பி கிளையன்ட் என்ற கருவியால் அதே பயனர் பெயரோடு இணைத்துப் பாருங்கள். கெர்னல் சுருட்டிய 13-ஐ அது பிரித்துக் காட்டும். 'லாகான் ஃபெயிலியர்' என்றால் சிக்கல் மூன்றாவது கட்டம். 'அக்சஸ் டினைட்' என்றால் பெரும்பாலும் அடையாளம் ஏற்கப்பட்டுவிட்டது, உரிமைதான் இல்லை. கடவுச்சொல்லில் கை வைக்கவே வேண்டாம். 'அக்கவுன்ட் லாக்டு அவுட்' என்றால் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். 'அக்கவுன்ட் ரெஸ்ட்ரிக்ஷன்' என்றால் கடவுச்சொல் இல்லாத கணக்கா என்று பாருங்கள்.

இரண்டாவது படி விண்டோஸில். நுழைவுத் தோல்விகளைப் பதியும் தணிக்கையை இயக்கியிருந்தால், ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணோடு ஒவ்வொரு தோல்வியும் இருக்கும். அதற்குள் 'சப் ஸ்டேட்டஸ்' என்ற வரியைப் பாருங்கள். 0064 என முடிந்தால் அந்தப் பெயரில் ஆளில்லை. 006ஏ என முடிந்தால் ஆள் உண்டு, கடவுச்சொல் தவறு. 0071 என்றால் கடவுச்சொல் காலாவதி, 0234 என்றால் பூட்டு. இந்த ஒரு வரி அரைநாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பூட்டு விழுவதற்குப் பெரும்பாலும் மனிதர் காரணமில்லை. தானாக இணைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி வைத்த பழைய கடவுச்சொல்லோடு, லினக்ஸ் கணினி தானாகவே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதல் புதிதாக நிறுவிய கணினிகளில் 10 முறை தவறினால் 10 நிமிடப் பூட்டு இயல்பாகவே இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றும் முன், தானாக இணையும் எல்லாக் கணினிகளையும் முதலில் நிறுத்துங்கள். கோப்பு மேலாளர் வழியாக நுழைபவர்கள் கடவுச்சொற்களை நினைவில் வைக்கும் சாவிக்கொத்தில் (கீரிங்) சேமித்த பழைய கடவுச்சொல்லையும் அழித்துவிட வேண்டும்.

சர்வரும் லினக்ஸாக இருந்தால் கதை கொஞ்சம் மாறும். 'அந்தக் கணினியில் இதே பாஸ்வேர்டில்தானே லாகின் ஆகிறேன்' என்ற குழப்பம் அங்கே அடிக்கடி வரும். லினக்ஸ் தன் பயனர்களின் கடவுச்சொல்லை, தற்செயல் எழுத்துகள் கலந்த (உப்பிட்ட) ஒருவழி ஹாஷாக வைத்திருக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் போட சம்பாவுக்கு வேறு வகை ஹாஷ் வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவிக்க முடியாது. அதனால்தான் சம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல் பட்டியல் இருக்கிறது. எஸ்எம்பி பாஸ்வேர்டு கட்டளையால் பயனரை அதில் தனியாகச் சேர்த்தே தீர வேண்டும்.

அங்கே இன்னொரு வலை உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. டெபியன், உபுண்டு இரண்டிலும் சம்பாவின் இயல்பு அமைப்பில், தெரியாத பயனர் பெயரோடு வருபவரைத் திருப்பி அனுப்பாமல் விருந்தினராக உள்ளே விடும் வரி ஒன்று இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் உள்நுழைவு வெற்றி என்றே தோன்றும், பிறகு கோப்புறை மட்டும் 'அக்சஸ் டினைட்' என்னும். நான்காவது கட்டத்தின் பிழை போல வேடமிட்டு வரும் மூன்றாவது கட்டத்துப் பிழை இது. சர்வரில் எஸ்எம்பி ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டி, உள்ளே இருப்பது நீங்களா, விருந்தினரைக் குறிக்கும் 'நோபடி'யா என்று பாருங்கள். பதிவேடு எவ்வளவு விரிவாக எழுதும் என்ற அளவை (லாக் லெவல்) 3-க்கு உயர்த்தினால் சம்பாவும் தவறான கடவுச்சொல்லையும் இல்லாத பயனரையும் தனித்தனியாகவே எழுதி வைக்கும்.

கல்லூரி, பெரிய அலுவலகம் என எல்லாப் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் வைத்த இடங்களில் என்டிஎல்எம்முக்குப் பதில் கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறை வேலை செய்யும். ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்கு இறங்கும் முன் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்குவது போல, இங்கே பயனர் முதலில் கன்ட்ரோலரிடம் ஒரு டிக்கெட் வாங்குகிறார். அது குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லும். இந்த மூன்றில் ஒவ்வொன்றும் ஒரு தோல்விக்கு வழி. மவுண்ட் ரூட்டாக ஓடும், டிக்கெட்டோ சாதாரணப் பயனரிடம் இருக்கும். யாருடைய டிக்கெட்டைப் பார்க்க வேண்டும் என்பதை சிஆர்யூஐடி என்ற விருப்பத்தில் சொல்லாவிட்டால் பிழை எண் 126 வரும். சர்வரைப் பெயரால் அழைக்காமல் ஐபி எண்ணால் அழைத்தால், அந்தப் பெயருக்கு வாங்கிய டிக்கெட் பொருந்தாது.

மூன்றாவது காரணம் நேரம். இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் கடிகாரங்கள் விலகினால் கெர்பரோஸ் ஏற்காது. பழைய கணினிகளில் மதர்போர்டின் காசு பேட்டரி செத்திருக்கும். மின்வெட்டில் கணினி அணைந்து எழும்போது தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். இணையம் இருந்தால் நேரம் தானாகச் சரியாகும். இணையம் வருவதற்குள் மவுண்ட் முயன்று தோற்றிருக்கும். டிக்கெட் வாங்கும் கினிட் கட்டளையைத் தனியாக ஓட்டினால் 'க்ளாக் ஸ்க்யூ டூ கிரேட்' (கடிகார விலகல் மிக அதிகம்) என்று நேராகவே சொல்லிவிடும். சிஆர் 2032 பேட்டரி ஒன்றை மாற்றி, நேரத்தை வெளி இணையத்திலிருந்து எடுக்காமல் டொமைன் கன்ட்ரோலரிடமிருந்தே எடுக்கும்படி, நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நிரலை அமைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

மிச்சமிருப்பவை நான்காவதும் ஐந்தாவதும். விண்டோஸில் ஒரு கோப்புறைக்கு இரண்டு உரிமைப் பட்டியல்கள் உண்டு: 'ஷேரிங்' தாவலில் ஒன்று, 'செக்யூரிட்டி' தாவலில் ஒன்று. இரண்டும் அனுமதித்தால்தான் எழுத முடியும். புதிதாகச் சேர்த்த பயனரை ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டு மற்றதை மறப்பது வழக்கமாக நடக்கிறது.

எல்லாம் சரியாகி மவுண்ட் ஆன பிறகும், கோப்புகள் தெரிகின்றன, எழுத முடியவில்லை என்ற நிலை வரலாம். அங்கே தடுப்பது சர்வர் இல்லை, உங்கள் லினக்ஸே. சுடோ போட்டு இணைத்த பகிர்வின் கோப்புகள் எல்லாம் இயல்பாக ரூட்டின் பெயரில் தெரியும். எடை மேசையில் உட்கார்ந்திருக்கும் பயனருக்கு அதில் எழுத உரிமையிருக்காது. யூஐடி, ஜிஐடி விருப்பங்களில் அந்தப் பயனரின் எண்ணைக் கொடுத்து மீண்டும் இணைத்தால் போதும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் முதலில் உருவாக்கிய பயனருக்கு அது வழக்கமாக 1000. கோப்புகளை 777 என்று, அதாவது எல்லோரும் படித்து எழுதும்படி, திறந்துவிட்டாலும் எழுத முடியும்தான். ஆனால் அந்தக் கணினியில் நுழையும் யாரும் கொள்முதல் கணக்கைத் திருத்தவும் முடியும்.